சூடம் அணைக்காத கை

1

நேற்று மறுபடியும் சத்தியம் செய்தேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். இந்தச் சிறு மலாய்ப் பட்டணத்துக் கோர்ட்டுக்கும் சுண்ணாம்பு அடித்துத் திறந்துவிட்டார்கள். பழைய ஊழியர்களில் மிஞ்சியவர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளன். கூலிக்காரர் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷிலும், துரை சொல்வதைக் கூலிக்காரருக்குத் தமிழிலும் சொல்லுகிற வாய். "கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன்" என்று அட்டையில் இருந்ததை வாசித்தேன். இருபது வருஷத்துக்கு முன் இதே வாசகத்தை முதல் முறை வாசித்தபோது கால் நடுங்கியது. நேற்று, மதியச் சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே வாசித்து முடித்தேன். நடுவில் மூன்றரை வருஷம் ஆண்ட ஜப்பான்காரன் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. குனியச் சொன்னான், குனிந்தோம்.

வீட்டுக்கு வந்தால் சின்னவள் செல்லம் உதட்டில் சர்க்கரையோடு நிற்கிறாள். எட்டு வயசு.

"சத்தியமா நான் எடுக்கலப்பா!"

"சும்பா சொல்லு, பார்ப்போம்" என்கிறாள் பெரியவள் கமலா. 'சும்பா' என்பது மலாய்ச் சொல், சத்தியம் என்று அர்த்தம். சின்னவள் உடனே "சும்பா, சும்பா!" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கொல்லிமலையில் ஒரு மனிதன் ஆயுளில் ஒரு தரம் செய்யக்கூட அஞ்சுகிற காரியத்தை, இந்த வீட்டில் ஒரு கரண்டிச் சர்க்கரைக்காக நாளைக்கு நாலு தரம் செய்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? அவர்கள் அப்பனும் அன்றைக்குக் காலையில்தான் அட்டையைப் பார்த்துச் சத்தியம் வாசித்துவிட்டு வந்திருந்தான்.

ஒன்பது நாளாக என் சட்டைப்பையில் ஒரு கடுதாசி இருக்கிறது. மலையிலிருந்து வந்தது, குண்டூர் நாட்டு ஊர்க்கவுண்டர் எழுதச் சொல்லி யாரோ எழுதியது. என்னிடம் ஒரு சத்தியம் கேட்டிருக்கிறார். இதுவரை நான் பார்த்திராத ஒரு பெண்ணையும் அவள் மகளையும் ஊர் சேர்த்துக்கொள்வதா தள்ளிவைப்பதா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அட்டையைப் பார்த்து வாசிக்கிற சத்தியம் இல்லை அது. அதனால்தான் ஒன்பது நாளாகிறது.

2

சத்தியம் என்றால் என்ன? கோர்ட்டில் வேலை இல்லாத மத்தியானங்களில் பெரிய அகராதிகளைப் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வடமொழிக்காரர்கள் 'ஸத்' என்றால் 'இருப்பது' என்கிறார்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்வது சத்தியம். நம் 'உண்மை'யும் 'உள்ளது' என்ற அடியிலிருந்துதான் வருகிறது. சட்டக்காரர் எழுதுகிற 'பிரமாணம்' அளவு என்ற பொருளுள்ள சொல், நெல்லை மரக்காலால் அளப்பதுபோலச் சொல்லை அளந்து போடுவது. மலாய்க்காரருடைய சும்பாவுக்குச் சாபம் என்றும் அர்த்தமாம். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இங்கிலீஷிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ஆன்ஸர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, பதில், அந்தச் சொல்லுக்குள் சத்தியம் செய்வது என்ற பழஞ்சொல் ஒளிந்திருக்கிறதாம். ஒருவன் குற்றம் சாட்டினால் அவனுக்கு எதிரே நின்று சத்தியம் செய்து மறுப்பதுதான் ஆதியில் பதில். வெள்ளைக்காரனுடைய பாட்டன்மார் நம் மலைக்காரர் மாதிரிதான் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மலையில் இந்த அகராதி எல்லாம் கிடையாது. அங்கே சத்தியத்தை யாரும் சொல்வதில்லை, பண்ணுகிறார்கள். எதிராளி இல்லாமல் அது கிடையாது. அவனும் கோயிலுக்கு வர வேண்டும். சத்தியம் பண்ணுகிறவன் தலை முழுகி, ஈரத் துணியோடு, பெரியசாமிக்கு முன்னால் நிற்பான். தரையில் சூடம் எரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, விரித்த உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைப்பான். எதிராளி "ஏத்துக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதோடு வழக்கு தீர்ந்தது, ஆனால் சத்தியம் தீரவில்லை. மூன்று அமாவாசை கெடு. அதற்குள் அவன் வீட்டில் ஒரு சாவோ பெரிய நோவோ வந்தால் சொன்னது பொய். வராவிட்டால் நிஜம். அந்த மூன்று மாசமும் அவன் வீட்டோடு யாரும் தீயும் தண்ணீரும் புழங்கமாட்டார்கள். எல்லாரும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதாவது சொல்லுக்குப் பிணை நிற்பது சொன்னவன் இல்லை. அவன் வீட்டில் தூங்குகிற பிள்ளை.

3

இதை எனக்குத் தெரிய வைத்தவர் என் அப்பா.

வளப்பூர் நாட்டில் ஒரு சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் சாமைக்காடு இருந்தது. பக்கத்துக் காடு இன்னொருவருடையது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல். ஓர் ஐப்பசி மழையில் சரிவு இளகி, கல் மண்ணோடு மெல்ல நகர்ந்து, பக்கவாட்டில் இரண்டு முழம் அவருடைய காட்டுக்குள் போய் உட்கார்ந்தது. எனக்கு அப்போது பத்து வயசு, மழைக்குப் பலா மரத்தடியில் ஒதுங்கி நின்றவன் அதைக் கண்ணால் பார்த்தேன். பெரிய கல் எருமை மாதிரி அசைந்து போவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். அப்பா, "விடு, காலையில அவரக் கூப்புட்டு எடுத்து நட்டுக்கலாம்" என்றார். காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்லை நகர்த்தினது அப்பாதான் என்றார்.

சின்னப் பையன் பேச்சை ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா சூடம் அணைத்தார். "கல்ல நான் தொடலீங்க சாமி." அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவது அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது என் தங்கை செல்லிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாள்தான்.

ஊர் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? விதைக்காட்டுக்கு ஆள் வரவில்லை, விசேஷத்துக்கு அழைப்பு வரவில்லை. அதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"கண்ணு, நான் தூக்கத்துல கீது எந்திரிச்சு எங்காச்சும் போவனா? நீ பாத்திருக்கறயா?"

"இல்லப்பா. எதுக்கு?"

"இல்ல, அந்தக் கல்ல ஒருக்கா நாந்தான் போய் நகத்தியிருப்பனோன்னு."

"மழதான்ப்பா நகத்துச்சு! நான் பாத்தேன்!"

"பாத்தயா? நெசமாப் பாத்தயா? அப்ப பாப்பா ஏன் போச்சு?"

பத்து வயசுப் பையன் அதற்கு என்ன சொல்லுவான்? இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொய் பேசத் தெரியாத மனுஷன், தன்னையே நம்பாமல் செத்துப்போனார். அடிவாரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாமன் வந்து என்னை அழைத்துப் போய்ப் பாதிரிமார் பள்ளியில் சேர்த்தார். அங்கே நாலு எழுத்து இங்கிலீஷ் வந்தது. அது என்னைக் கப்பல் ஏற்றியது. நான் ஏன் இங்கே வந்தேன் என்று கேட்பவர்களிடம் பிழைக்க வந்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4

ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு மாசம் முன்னால் நடந்தது இது.

பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பால் தகடுகளைப் புகை போடுகிற கொட்டகை ஒரு மத்தியானம் எரிந்துபோனது. தீ வைத்ததாக வேலு என்ற சேலத்துப் பையனைப் பிடித்துவந்தார்கள். இரண்டு நாள் முன்னால் அவன் கங்காணியைக் கைநீட்டி அடித்திருந்தான், அது ஒன்று போதாதா? குற்றம் நிரூபணமானால் பத்து வருஷத்துக்குக் குறையாது என்று கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள். தீப்பிடித்த நேரத்தில் வேலு தன்னோடு ஆற்றில் பால்வாளி கழுவிக்கொண்டிருந்தான் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி இருந்தான். பால் வெட்டுகிற ஆள், பேர் சடையன், வயசு முப்பது இருக்கும். கூண்டில் ஏறி நின்றவன் வாயைத் திறந்ததும் நான் காகிதத்தைவிட்டுத் தலை நிமிர்ந்தேன். எங்கள் மலைப் பேச்சு!

நான் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். "நான் சொல்வதெல்லாம் சத்தியம் என்று சொல்லுங்கள்."

"பாத்தத அப்படியே சொல்றனுங்க. சத்தியம் மட்டும் வேண்டாமுங்க."

துரை பேனாவைக் கீழே வைத்தார். சாட்சி சத்தியம் செய்ய மறுக்கிறானா என்று கேட்டார். நான் வேறு வார்த்தை போட்டுப் பார்த்தேன். "சத்தியம்னு சொல்ல வேண்டாம். உறுதியாச் சொல்றேன்னு சொல்லுங்க, போதும்."

சடையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்க, அதும் இதும் ஒண்ணுதானுங்களே? எந்திரிச்சு நிக்கச் சொல்றாங்க, கையத் தூக்கச் சொல்றாங்க, எதிராளி கங்காணி எதுத்தாப்புல நிக்கறாரு. பேர மாத்திட்டா சாமிக்குத் தெரியாதுங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "குண்டூர் நாட்டுல பொண்டாட்டி இருக்கறாங்க. பாவாயின்னு ஒரே பொண்ணு, ஆறு வயசுங்க. நான் இங்க சத்தியம் பண்ணிப்போட்டா கெடு அதுமேலல்ல போகும்? தண்ணியில தவறி விழுந்தாலும் தடுக்கறதுக்கு நான் அங்க இல்லீங்களே."

துரை கெட்டவர் இல்லை. நான் அந்த வழக்கத்தை முடிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன், அவரும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இதற்கு இடமில்லை. இன்னும் ஒரு தரம் கேளும். இல்லாவிட்டால் இறங்கச் சொல்லும்" என்றார். குற்றவாளிக் கூண்டில் வேலு இரண்டு கையையும் கூப்பிச் சடையனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி கேட்டேன். சடையன் வேலுவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீங்க நம்ம மலைங்களா?"

"ஆமாங்க. வளப்பூர் நாடு."

"அப்ப நீங்களே சொல்லுங்க சாமி. நீங்கன்னாச் செய்வீங்களா?"

மொழிபெயர்ப்பாளன் சொந்தமாகப் பேசக் கூடாது. ஆனால், அவன் என்ன கேட்கிறான் என்று துரை என்னைக் கேட்டார். நான் செய்வேனா என்று கேட்கிறான் என்றேன். சொல்லும், என்றார் துரை. "செஞ்சிருக்கறனுங்க" என்றேன். "இந்த வேலையில சேர்ந்த அன்னிக்கு." உண்மைதான், அட்டை வாசித்தேனே!

சடையன் கூண்டுக் கட்டையில் சாய்ந்து என் பக்கம் குனிந்தான். "உண்மையச் சொன்னவனுக்கு ஒண்ணும் வராதுங்கதான? நம்ம பக்கம் நெசம் பேசி யாராச்சும் கெட்டிருக்கறாங்களா? நீங்க அறிய?"

நான் அறிய. ஈரத் துணியோடு நின்ற அப்பாவை நான் அறிவேன். மூன்றே நாளில் போன செல்லியை நான் அறிவேன். எதிரே பத்து வருஷச் சிறை நிற்கிறது, கைகூப்பிக்கொண்டு. ஒரு வார்த்தைதான் தேவை.

"ஒண்ணும் வராது" என்றேன். "யாரும் கெட்டதில்ல."

அவனிடம் என்ன சொன்னீர் என்று துரை கேட்டார். உண்மை பேசுபவனுக்கு ஒரு கெடுதியும் வராது என்றேன், என்று சொன்னேன். மிகவும் சரி, என்று துரை தலையை ஆட்டினார்.

சடையன் கையைத் தூக்கினான். பார்த்ததைச் சொன்னான். கங்காணியின் ஆட்கள் சொன்னது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வேலு அன்று சாயங்காலமே விடுதலை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். என் வாய்க்கு அன்றைக்கும் வேளா வேளைக்குக் கிடைத்தது.

5

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சடையன் என் வீட்டுக்கு வந்தான். கடுதாசி எழுத வேண்டும் என்றான். நான்தான் எழுதினேன், பாவி! அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இங்க ஒரு பையனுக்காகச் சத்தியம் பண்ணிட்டேன். நெசந்தான். மூணு அமாவாசை வரைக்கும் பாவாயியக் கெணத்துப் பக்கம் விடாதே. கரடி வார பாதையில வெறகுக்குக் கூட்டிட்டுப் போகாதே. ஊர்க்கவுண்டரு காதுலயும் போட்டு வெச்சுரு.' அது போன கப்பல்தான் எங்கள் பக்கத்திலிருந்து மலைக்குத் தபால் கொண்டுபோன கடைசிக் கப்பல்களில் ஒன்று. இரண்டாவது அமாவாசைக்கு முன்னால் ஜப்பான்காரன் வந்துவிட்டான். தபால் நின்றது.

அதன் பிறகும் சடையன் ஞாயிறுதோறும் வந்தான். "கடுதாசி வந்துச்சுங்களா?" வரவில்லை என்பேன். மரவள்ளிக்கிழங்கு இருந்தால் ஒரு துண்டு கொடுப்பேன். அவன் வாங்கமாட்டான். கெடு முடிகிற வரைக்கும் இன்னொரு வீட்டில் சாப்பிடக் கூடாதே! கடலுக்கு இந்தப் பக்கத்திலும் அவன் அந்த வழக்கத்தை ஒரு நூல் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது அமாவாசை கழிந்த ஞாயிறன்று வந்து, முதன்முதலாக என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"கெடு முடிஞ்சுருச்சுங்க" என்றான். "ஊட்ல என்னன்னு தெரியல. தெரியாத வரைக்கும் முடிஞ்சும் முடியாதது மாதிரிதானுங்க."

"நீ நெசத்ததானே சொன்ன, சடையா?"

"அதானுங்க சாமி கேக்கறேன். ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். வேலு அன்னிக்கு எங்கூடத்தான் இருந்தானா? இல்ல, அதுக்கு முந்தின நாளா? ஒருக்கா நாந்தான் அப்படி நெனச்சுக்கிட்டனா?"

இதே கேள்வியைச் சாமைக்காட்டில் ஒருவர் கேட்டார். அப்பா கேட்டபோது பத்து வயசு, பதில் தெரியவில்லை. இப்போது பதில் தெரியும். 'சடையா, உண்மை பேசினாலும் பிள்ளை சாகும், பொய் பேசினாலும் பிழைக்கும், இரண்டுக்கும் சம்பந்தமில்லை, என் வீட்டிலேயே பார்த்தேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் கோர்ட்டில் நான் சொன்னது பொய் என்றாகுமே! வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். சடையனையும் வேலுவையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சண்டை முடிந்து வேலு மட்டும் திரும்பி வந்தான். கால் இரண்டும் புண். வாசலில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொன்னான். போன வருஷம் மழைக்காலத்தில் வாந்திபேதியில் சடையன் போய்விட்டான்.

"கடைசி வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டாரு. 'வேலு, அன்னிக்கு நீ எங்கூடத்தானே இருந்தே?'ன்னு. 'ஆமாண்ணா, உங்ககூடத்தான் வாளி கழுவுனேன், என் வாளி ஆத்துல போச்சே, நீங்க நீஞ்சி எடுத்துக் குடுத்தீங்களே'ன்னு ஒவ்வொரு நாளும் சொல்லுவேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிப்பாருங்க. நம்பலீங்க."

தபால் திறந்ததும் சடையன் போய்விட்டதை நானே மலைக்கு எழுதினேன். பயந்து பயந்துதான் எழுதினேன். ஒன்பது நாளுக்கு முன் பதில் வந்தது. பாவாயி சுகம். காய்ச்சல் தலைவலிகூட இல்லாமல் பதினோரு வயசாகிவிட்டதாம். அந்த வரியைப் படித்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டேன். யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது? சொல்ல வேண்டியவன் சயாம் காட்டு மண்ணில் கிடக்கிறான்.

கடுதாசி அதோடு முடியவில்லை. ஊர்க்கவுண்டர் சொல்லி எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். 'சத்தியம் பண்ணினவன் செத்தது கெடுவுக்கு உள்ளயா வெளியயா? உள்ளயின்னு சிலபேர் பேசறாங்க. அதனால அவன் ஊட்டோட இன்னும் ஊர் தீ தண்ணி பொழங்கல. பொண்ணக் கேட்டு யாரும் வரமாட்டாங்க. தாயும் மகளும் தனியாக் கெடக்கறாங்க. காயிதத்துல எழுதறத நம்பமாட்டாங்க. வேத்து ஆள் சத்தியமும் ஆவாது. நீங்க நம்ம சாமிக்குக் குடி. சடையன் கெடு தாண்டித்தான் செத்தான், அவன் பேசினது நெசம்னு சூடம் அணைச்சு எழுதுங்க. எதிராளி எடத்துல ஊரே நின்னு ஏத்துக்கும்.'

6

இன்றைக்குக் காலையில் தலை முழுகினேன். சூடம் கிடைப்பதே இப்போது குதிரைக்கொம்பு, கோயில் பண்டாரத்திடம் கெஞ்சி இரண்டு கட்டி வாங்கிவந்திருந்தேன். வேலு விஷயம் கேட்டு நேற்றே வந்து நின்றான். "நான் அணைக்கறேங்க! ரெண்டு கையாலயும் அணைக்கறேன்!" அவனுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் சாமிக்கு அவன் முகம் தெரியாது.

என் மனைவி இந்த நாட்டில் பிறந்தவள். அவளுக்கு என் தங்கை ஒருத்தி காய்ச்சலில் செத்தாள் என்று மட்டும் தெரியும். ஈரத் துணியோடு நான் நிற்பதைப் பார்த்து, "இதுக்குப் போய் ஒம்பது நாளா யோசிச்சீங்க?" என்றாள். "அந்தப் பொண்ணு பாவம் இல்லையா? நீங்க சொல்லப்போறது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன? அணைச்சுட்டு வாங்க, தோசை ஆறுது."

மலை இருக்கிற திசை எது என்று சரியாகத் தெரியவில்லை. மேற்கே பார்த்து நின்றேன். தரையில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன். "சாமி, குண்டூர் நாட்டுச் சடையன் பேசினது நெசம். அவன் போனது கெடு தாண்டி." சொல்லிவிட்டேன். ஒரு எழுத்துப் பொய் இல்லை. கையை விரித்தேன்.

வாசனைக்குச் செல்லம் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தங்கையின் பேரைத்தான் இவளுக்கு வைத்தேன். அசல் பேர் செல்லி. பள்ளிக்கூடத்தில் அது நன்றாக இல்லை என்று அவளே செல்லம் ஆக்கிக்கொண்டாள்.

"என்னப்பா பூசையா? நான் அணைக்கட்டுமா?"

"கிட்ட வராதே!" என்று கத்திவிட்டேன். பயந்துபோய் நகர்ந்து நின்றாள். இரண்டு தரம் இருமினாள். புகைக்கு வந்த இருமல்தான், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததா? இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சடையனிடம் சொல்லாமல் விட்டேனே, அதை இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சத்தமாகவே சொன்னேன். கை இறங்கவில்லை. நீங்கன்னாச் செய்வீங்களா என்று கேட்டானே, அவனுக்கு இதுதான் பதில் சாமி, இதுதான் பதில். சூடம் தானாகவே எரிந்து தீர்ந்து தரையில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் நின்றது.

அணைத்தேன் என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்தேன். ஊர் அந்தத் தாயையும் மகளையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே ஒரு பொய், அதுவும் இரக்கத்துக்காக. கோர்ட்டில் சொன்னதும் இரக்கத்துக்காகத்தான். 'அணைத்தேன்' என்று எழுதி, அடித்துவிட்டேன். அப்படி எழுதினாலும் கெடு இந்த வீட்டின் மேல்தான் வரும் என்று ஒரு நடுக்கம். இதை நம்பவில்லை, நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே நடுங்குகிறவனை என்னவென்று சொல்வது?

கடைசியில் வேலுவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் சொன்னதைப் பிரமாணப் பத்திரமாக எழுதி, துரை கையெழுத்து வாங்கி, கீழே நானும் மொழிபெயர்ப்பாளன் என்று கையெழுத்துப் போட்டு, சிவப்பு அரக்கில் முத்திரை வைத்து இன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். அந்தக் காகிதத்துக்கு உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் மதிப்பு உண்டு. கப்பலிலும் ரயிலிலும் போய், அடிவாரத்திலிருந்து ஓர் ஆள் தலைச்சுமையோடு அதையும் மலையேற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஊர்க்கவுண்டர் அந்த அரக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். சடையன் பெண்டாட்டி தள்ளி நிற்பாள், பாவாயி அவள் பின்னால் நிற்பாள். எழுத்துத் தெரிந்தவன் முழுவதையும் வாசித்து முடிப்பான்.

"அதெல்லாஞ் செரி" என்பார் ஊர்க்கவுண்டர். "சூடம் அணைச்சானா?"